உப்புக் கிடங்கு

செங்கல்வராயன் இன்றும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் பாருக்குள் போயிருந்தார். பார் திறந்த நாளிலிருந்து அப்படித்தான். "அண்ணாத்த, இது இன்னா கோயிலா?" என்று கூடக் குடிக்கிறவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள்.

அவர் மனைவி சந்திரம்மா ஓடி வந்தபோது, கட்டடத்தை இடிக்க ஜேசிபி தயாராக நின்றது.

"யக்கா, சரக்குகூட கேக்கல. காலைலேர்ந்து மூலையிலியே குந்திகினு கீறாரு. நீயாச்சும் இட்டுகினு போ," என்றான் பார் நடத்தும் பார்த்திபன்.

வெள்ளைக்காரன் காலத்தில் அது உப்புக் கிடங்கு. அப்புறம் ரேஷன் கிடங்கு. சுனாமி அடித்த அன்று, கரையில் ஒதுங்கிய பிள்ளைகளை அங்கேதான் வரிசையாகக் கிடத்தினார்கள். பார் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

அன்று சந்திரம்மா தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆறு வயது மகள் திவ்யாவைத் தேடிக் கிடங்குக்குள் போனவர் புருஷன்தான். திரும்பி வந்து, "எல்லா மொகத்தையும் பாத்துட்டேன். நம்ம பாப்பா அங்க இல்ல, எங்கியோ உசுரோட கீது," என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் மகள் படத்துக்கு மாலை போடவில்லை, திதி கொடுக்கவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் திவ்யா சாயலில் ஒரு பெண்ணைப் பார்த்ததாக யாரோ சொல்ல, போன மாதம்கூட ஓடினாள். இந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இன்றுதான் முதல் முறையாக உள்ளே போனாள். நாற்காலி மேஜையெல்லாம் எடுத்தாகிவிட்டது. மூலையில், வெறுந்தரையில் அவர்.

"வாய்யா, வூட்டுக்குப் போலாம். நம்ம புள்ள இங்க இல்லன்னு தெரிஞ்ச எடம். இங்கயே வந்து குடிக்கிறியேன்னு நான் எவ்ளோ நாளு அழுதிருப்பேன். இடிக்கட்டும் வுடு."

அவர் நகரவில்லை. உள்ளங்கை தரையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"மெஷினு உள்ள வருதுய்யா. எழுந்திரு."

"இந்த எடத்துல மட்டும் இடிக்க வாணான்னு சொல்லு."

"ஏன்யா, இங்க இன்னா கீது?"

அவள் நெற்றியிலிருந்த பழைய தழும்பையே அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம பாப்பா இங்கதான் படுத்திருந்திச்சி, சந்திரா."