பலகை இல்லாத புத்தகக் கடை

“மூடுய்யா கடைய!”

கூட்டம் காசிநாதன் புத்தகக் கடைக்கு முன்னால் வந்து நின்றபோது, எதிர்ச்சாரியில் என் தையல் மிஷின் தானாக நின்றுவிட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த எண்பத்தேழாம் வருஷம். புளிய மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குள் பஸ் வரவில்லை. வெள்ளிமலையிலிருந்து ஒரு ஜீப்கூட இறங்கவில்லை. காலேஜ் ரோட்டில் எல்லாரும் கடையைச் சாத்தியிருந்தார்கள். நானும் பாதிக் கதவைச் சாத்தியிருந்தேன். மீதிப் பாதி வேடிக்கை பார்க்க.

காசிநாதன் கடை மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரால் மூட முடியாது, அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் கடைகளுக்குப் பலகைக் கதவு. நம்பர் போட்ட பலகைகளை வாசலில் வரிசையாகச் செருகி நிறுத்தினால் கடை சாத்தியாயிற்று. மனுஷன் என்ன செய்தார்? புத்தகம் வைக்க இடம் போதவில்லை என்று ஒவ்வொரு பலகையாக உள்ளே கொண்டுபோய் அலமாரித் தட்டாக்கிவிட்டார். வாங்க வருகிறவரிடமே ‘இங்கியே நின்னு படிச்சிட்டுப் போங்களேன்’ என்று சொல்லும் வியாபாரி. சரக்கு எப்படிக் குறையும்? ராத்திரியில் வாசலுக்குக் குறுக்கே பெஞ்சு போட்டு அவரே படுத்துக்கொள்வார்.

முன்னால் நின்ற மீசைக்காரர் வெளியூர். அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

“எல்லாரும் சாத்திக்கினு இருக்காங்க. நீ மட்டும் தொறந்து வச்சிக்கினு சவால் வுடறியா? எட்றா பலகைய!”

“பலகை மேல புஸ்தகம் இருக்குதுங்க” என்றார் காசிநாதன்.

உண்மையைத்தான் சொன்னார். கேட்கிறவர்களுக்குத் திமிராகக் கேட்டது.

பின்னாலிருந்து ஒருவன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். உள்ளே இருப்பது முழுக்கக் காகிதம். மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிய பிள்ளைகளும், திருக்கோவிலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களும், பைசா கொடுக்காமல் நின்றபடியே படித்து டிகிரி வாங்கிய காகிதம். ஒரு குச்சி போதும்.

மீசைக்காரர் டின்காரனைக் கையால் நிறுத்திவிட்டுக் கேட்டார். “முதல்ல சொல்லு. நீ யாரு ஆளு?”

கேட்டாரே ஒரு கேள்வி!

எங்கள் தெருவுக்கு யார் குடிவந்தாலும், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் இன்ன ஆள் என்று கண்டுபிடித்துவிடுவோம். காசிநாதன் விஷயத்தில் மட்டும் அத்தனை வருஷமாக ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

காசிநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு புத்தகத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

இட்லிக்கடை ஜெயம்மாள் குறுக்கே வந்து விழுந்தாள். “அவரு எங்க ஆளு! மேல கை வச்சிடுவியா நீ?”

அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்திடம், சொல்லவே கூடாத பதில் அது. மீசைக்காரர் முகம் இறுகியது. காப்பாற்ற வந்தவள் கொளுத்திப் போட்டுவிட்டாள்.

உடனே மாடியிலிருந்து அரிசி மண்டி தெய்வசிகாமணி குரல் கொடுத்தார். “அந்தம்மா தெரியாம சொல்லுதுபா. அவரு எங்களவரு.”

கூட்டத்துக்குள்ளேயே சங்கக் கொடியோடு நின்றிருந்த காலேஜ் மாணவன் பொன்னுரங்கத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “ரெண்டு பேரும் புளுகறாங்கண்ணே! அவரு நம்மாளு. எனக்கு நல்லாத் தெரியும்.”

மீசைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சொந்த ஆள் கடையையே கொளுத்திவிட்டான் என்று நாளைக்குப் பேச்சு வந்தால்?

“இன்னா ஊருய்யா இது” என்று டின்காரனைப் பின்னால் தள்ளினார். “எதையாவது கட்டி மறைச்சுத் தொலைங்க.”

ஜெயம்மாள் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த தன் புடவையை உருவி வாசலுக்குக் குறுக்கே கட்டினாள். காலேஜ் ரோட்டின் ஒரே புத்தகக் கடை, வாடாமல்லிக் கலர் சுங்குடியால் சாத்தப்பட்டது. இப்போது அங்கே செல்போன் கடை. கண்ணாடிக் கதவு, ஷட்டர், கேமரா எல்லாம் இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் அந்த வாசலில் புடவைதான் தெரிகிறது.

கூட்டம் தெருமுனை திரும்பியதும், மாடியிலிருந்து இறங்கி வந்த மண்டிக்காரரை ஜெயம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“உங்களவரா? யாரு சொன்னது?”

“அவரேதான். கடை போட்ட புதுசுல கேட்டேன். ‘உங்ககிட்ட மறைக்க முடியுமா, வெளிய சொல்லிடாதீங்க’ன்னாரு.”

ஜெயம்மாளின் சத்தம் பாதியாகக் கம்மியானது. “எங்கிட்டயும் அதேதான் சொன்னாரு.”

கூட்டத்தோடு போகாமல் பின்தங்கியிருந்த பொன்னுரங்கம் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனிடமும் அதே வார்த்தைதானாம். மூன்று பேரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள்.

புடவைக்குப் பின்னால் காசிநாதன் புத்தகங்களைத் தூசி தட்டும் சத்தம் கேட்டது. புடவையை விலக்கி உள்ளே போய்க் கேட்க ஒருவரும் முன்வரவில்லை.

ஜெயம்மாள் என் பக்கம் திரும்பினாள். “யக்கா, இந்த ரோட்டுல உனக்குத் தெரியாத சேதி ஏது? அவரு யாருதான், சொல்லேன்.”

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன்.

வேறென்ன சொல்வது? என் வாயில் தங்கிய ஒரே ரகசியம் அது. வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று அவர் என் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களிடம் எப்படியோ, என்னிடம் பொய் சொல்லியிருக்க மாட்டார்.