ஐந்தரை அடி

1987-இல் எங்கள் பாலிடெக்னிக் கண்காட்சிக்காக, தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டி ஒன்று செய்தோம். அதன் அடியில் இரண்டு அகச்சிவப்புக் கண்கள். அவை வீசும் ஒளியை வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும்; கறுப்பு நாடா விழுங்கிவிடும். சூட்சுமம் அவ்வளவுதான். அதற்கு முந்தின வருடம் எங்கள் துறைக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை.

காலையில் வண்டி ஒழுங்காக ஓடியது. மதியம் இரண்டு மணிக்கு, ஜன்னலோரம் நாடாவை விட்டு விலகி, ஐந்தரை அடி தூரம் நாடாவுக்கு ஓரமாகவே போய், மறுபடி நாடாவில் ஏறியது. நான் கண்களை மாற்றினேன். சக ஆசிரியர் கல்யாணராமன் ஜன்னலை அட்டையால் அடைத்தார். மூன்று மணி அடித்ததும் வண்டி தானாகவே நேராக ஓடியது. ஐந்து நாளாக இதே கூத்து.

தரை கூட்ட வந்த ஒச்சாயி அக்கா பார்த்தார். "வெள்ளைத்துரை அண்ணே சாப்பிட்டுட்டுப் படுக்குற எடம்ல அது?"

அட்டெண்டர் வெள்ளைத்துரை இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நடுவர் விஸ்வேஸ்வரன் வந்ததும் மதியம்தான். வண்டி விலகிப் போனது. அவர் அந்த இடத்தின் குறுக்கே நடந்து வந்தார்.

"ஆத்தி, படுத்திருக்கிறவரத் தாண்டிட்டீகளே சார்!" என்றார் ஒச்சாயி அக்கா. "திரும்பத் தாண்டுங்க. இல்லாட்டி வளர மாட்டாரு."

விவரம் கேட்டு நடுவர் சிரித்தார். "செத்தவர் இனிமே எங்கம்மா வளரப்போறார்?"

ஆனாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காலை நன்றாகத் தூக்கித் திரும்பத் தாண்டினார். தடையைத் தானே கண்டு விலகும் வண்டி என்று எழுதி, முதல் பரிசும் தந்தார்.

மறுநாள் மதியம் வண்டி விலகி ஓடிய தூரத்தை அளந்தோம். இரண்டு அங்குலம் கூடியிருந்தது.