போர்வைக்கு வெளியே ஒரு கால்

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியே கட்டிலின் கால்மாட்டில் விழுகிறது. வயலில் அறுப்பு மிஷின் இரைகிறது. பக்கவாதத்தில் பேச்சுப் போய்ப் படுத்திருக்கும் தங்கையனுக்கு மகள் சுடர்விழி ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறாள். பழைய நடிகர் ஒருவருக்கு மேக்கப் போட்டவர், அவரோடு வேலை செய்த நாட்களை எழுதியிருக்கிறார். "அப்பா, நம்ம ஊர்ல எடுத்த படம் வருது, கேளுங்க. 'சேற்றில் ஏர் ஓட்டும் அந்தக் கால்கள் அவருடையவைதான். டூப் கிடையாது.' பெரிய ஆளுதாம்ப்பா!" தங்கையனின் கண்கள் விரிகின்றன. அட்டை கடித்து நடிகர் அலறிக் கரையேறியதும், அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏர் பிடித்தவர் தங்கையன். கேமரா முழங்காலுக்குக் கீழேதான் பார்த்தது. வெளியே சொல்ல வேண்டாம் என்று நடிகர் கையைப் பிடித்துக் கேட்டதால், ஐம்பது வருஷமாகப் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. மாடு மிதித்து வளைந்த தங்கையனின் இடது கால் சுண்டுவிரல் படத்தில் நன்றாகவே தெரியும். இப்போது சொல்ல வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வருகிறது. மெல்ல, மெல்ல, இடது காலைப் போர்வைக்கு வெளியே தள்ளி வெயிலில் வைக்கிறார். வளைந்த விரலை அசைக்கிறார். சுடர்விழி நிமிர்ந்து பார்க்கிறாள். "கால வெளிய நீட்டாதீங்கப்பா, ஈ மொய்க்குது" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள்.