சரிபாதி

"இந்தக் கூடத்தைச் சரிபாதியாப் பிரிக்கணும்," என்றார் வீட்டுக்காரர்.

தச்சர் அளவு டேப்பை இழுத்தார். "சரிபாதின்னு வாயால சொல்றது சுலபம் சார். நடுவுல வர்ற தடுப்பே மூணு விரல் கனம் இருக்கும். அந்த இடம் யார் பங்குல போகணும்? இதுக்கே அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டதைப் பார்த்திருக்கேன்."

"என் பக்கத்துல எடுத்துக்குங்க."

"வேண்டாம், என் பக்கத்துல எடுங்க," என்றாள் மனைவி.

தச்சர் விழித்தார். பிரிகிறவர்கள் இப்படி விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை.

"இங்க பேசறது அங்க கேட்கக் கூடாது," என்றாள் அவள்.

"வாசலும் தனித்தனியா வேணும்," என்றார் அவர்.

தச்சருக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. உட்கார்ந்து பேசினா தீராதா? எதுக்கும்மா இந்தப் பிரிவினை?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"எங்களுக்கு இல்லீங்க," என்றாள் அவள். "விவாகரத்துக்குப் போறவங்களைச் சேர்த்துவைக்கிறதுதான் எங்க தொழில். ஒண்ணா உட்கார வெச்சா சண்டைதான் வருது. புருஷன்கிட்ட இவர் பேசுவார், பொண்டாட்டிகிட்ட நான் பேசுவேன். மனசு இளகினதும் நடுக்கதவைத் திறந்துவிடுவோம்."

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"தாழ்ப்பாளே வேண்டாம்."

டேப்பைச் சுருட்டிய தச்சர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"வேலை முடிஞ்சதும் முதல் ஆளா நானே சார் பக்கம் உட்காரலாமா? உங்க பக்கம் உட்கார அவளை நீங்கதாம்மா கூப்பிடணும். நான் கூப்பிட்டா வரமாட்டா."