செஞ்சோளப் பொட்டலம்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் விதை வங்கிக்காரர்கள் வந்து கேட்டபோது பூவாத்தாள் ஒரு படி செஞ்சோளத்தை அள்ளிக் கொடுத்தாள். பிறகு மூன்று வருடம் மழை பொய்த்ததில் அவளிடம் ஒரு மணிகூட மிஞ்சவில்லை. திருப்பிக் கேட்டுப் போனால், பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் விதை என்றார்கள். ஐம்பத்தெட்டு வயதில் நோட்டும் பேனாவுமாகப் பயிற்சியில் சேர்ந்தாள்.

முளைப்புச் சோதனை வகுப்பில் அவள் கைக்கு வந்த பொட்டலத்தில், ‘செஞ்சோளம். கொடுத்தவர்: பூவாத்தாள்’ என்றிருந்தது. நூறு மணிகளை எண்ணி ஈரத்தாளில் பரப்பிச் சுருட்டி வைத்தாள். பத்தாம் நாள் பிரித்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

“நான்தானுங்க ஈரத்தத் தப்பா வெச்சுட்டேன். உள்ள இன்னும் இந்த வெதை இருக்குமில்லீங்க?”

“உங்க தப்பில்லீங்கக்கா,” என்றார் பயிற்சியாளர். “வெதைய வெச்சிருந்த குளிரறை கெட்டப்பவே அது மொத்தமும் செத்துப்போச்சு. நல்ல வெதையப் பயிற்சிக்குக் குடுத்து வீணாக்க முடியுங்களா?”

படிவத்தில் முளைத்தவை என்ற இடத்தில் அவள் சைபர் போட்டாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து என்று எழுதிக் கொடுத்தார்.