செவலையின் ஃபேன்

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார்கள். உத்தரத்தில் வெறும் கொக்கிதான் இருந்தது.

"ஃபேன் மாட்டுக் கொட்டகையில ஓடுதுங்க," என்றாள் கல்யாணப் பெண் வஞ்சிக்கொடி. "வருஷா வருஷம் வெயில் ஏறுது. தின்கிற தீனியெல்லாம் உடம்பைக் குளுமையா வச்சுக்கவே சரியாப்போகுது, அதான் செவலைக்குப் பால் பாதியாயிடுச்சுன்னு மாட்டு டாக்டர் சொன்னாரு. ஃபேன் போட்டதும் ரெண்டு லிட்டர் கூடிடுச்சு."

அவள் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவோ பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்துவிட்டாள். "அப்ப அங்கேயே போயிடுவோம்."

நாற்காலிகள் கொட்டகைக்குப் போயின. செவலை அசைபோட்டபடி எல்லோரையும் பார்த்தது. காற்றில் பேச்சு நன்றாகவே ஓடியது. பஜ்ஜி இரண்டாம் முறை வந்தது. கல்யாணத்தைச் சித்திரையில் மட்டும் வைக்கக் கூடாது என்பதில் இரு வீட்டாருக்கும் ஒரே கருத்து.

அப்போது கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. வீட்டிலிருந்த ஒரே பனையோலை விசிறியை வஞ்சியின் அப்பா ஓடிப்போய் எடுத்துவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

அவன் வியர்த்துக்கொண்டிருந்த தன் அம்மாவைப் பார்த்தான். வஞ்சியைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்ச் செவலைக்கு வீசத் தொடங்கினான்.

"அம்மா," என்றாள் வஞ்சி, "எனக்குப் பிடிச்சிருக்கு."