அரைத் திருகு

திருப்புளியைக் கையில் எடுத்த பிறகும் அவன் கொஞ்சம் யோசித்தான்.

மேசையில் சுடர்விழியின் வண்டி இருந்தது. சோப்பு டப்பா அளவுதான். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானே பார்த்து, அதன் மேலேயே போக வேண்டிய வண்டி. நேர்க்கோட்டில் ஒழுங்காகப் போகும். வளைவு வந்தால் நடுங்கும், தடம் மாறும், பெஞ்சுக்கு அடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

பள்ளி விட்டு வேன்கள் எல்லாம் போயாகிவிட்டது. நாளைக்குக் கண்காட்சி.

ஒன்பதாம் வகுப்புக்கு ரோபோடிக்ஸ் சொல்லித்தர வந்தவன் அவன். உண்மையில் அவன் சொல்லித்தந்தது ஒரே ஒரு விஷயம்தான். எந்த ஒயர் எந்த ஓட்டை. பிள்ளைகள் கேட்பார்கள், அவன் காட்டுவான், விளக்கு எரியும், கைதட்டுவார்கள். அதை வீடியோ எடுத்துக் கரஸ்பாண்டன்ட் பெற்றோர் குழுவில் போடுவார். வருங்கால விஞ்ஞானிகள் என்று தலைப்பு வேறு.

கண்காட்சிக்கு வைத்திருந்த மற்றதெல்லாம் அவன் கைவேலை. பிள்ளைகள் தெர்மாகோல் வெட்டி வர்ணம் அடித்தார்கள். அதுவும் பாதிக்கு அவர்கள் அப்பாக்கள்.

சுடர்விழி மட்டும் எந்த ஓட்டை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் லேபுக்கு வந்து, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு வண்டியையே பார்ப்பாள். முதலில் சக்கரத்தைச் சந்தேகப்பட்டாள். பிறகு பேட்டரியை. நேற்று எழுந்து, உடுப்பில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டாமல் அவனிடம் வந்தாள். இடது கண்ணில்தான் கோளாறு, அதற்குக் கறுப்பு லேட்டாகத் தெரிகிறது என்றாள். சென்சாரை அவள் கண் என்றுதான் சொல்வாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"சொல்லிடாதீங்க சார். நானே கண்டுபிடிக்கிறேன்."

அப்படி யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. அவனும் யாரிடமும் சொன்னதில்லை. நாலு வருடம் இன்ஜினியரிங் படித்து, கடைசி வருட புராஜெக்டைக் கடையில் வாங்கி, கடைக்காரர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்து டிகிரி வாங்கியவன். அவள் போன பிறகு அவனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கண்காட்சி அன்று சீக்கிரமே வந்து பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் கேட்டுவிட்டாளாம்.

ஆனால் இன்று மத்தியானம் கரஸ்பாண்டன்ட் லேபைச் சுற்றிப் பார்க்க வந்தார். அந்த வண்டி போயும் போயும் அவர் ஷூவில் முட்டியது.

சிறப்பு விருந்தினர் முன்னால் ஒன்றுகூடத் தடுமாறக் கூடாது என்றார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த வருடத்துக்கு அவனை வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

பாவம், அந்தப் பெண் நாலு பேர் முன்னால் அவமானப்படக் கூடாது. அதற்காகத்தான் செய்கிறேன் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயத்துக்கு அக்கறை என்று பேர் வைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

இடது சென்சாரின் மேல் கடுகளவு திருகு. அரைத் திருகு திருகினான்.

வண்டி வளைவிலும் கோட்டை விடாமல் வழுக்கிக்கொண்டு போனது.

*

காலையில் எல்லோருக்கும் முன்னால் அவள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் வண்டியைக் கோட்டில் விட்டாள்.

ஒரு சுற்று போய் அவள் காலடிக்கே வந்தது.

குதிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மறுபடி விட்டாள். பிறகு கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் தொட்டது என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே விளக்கப் போனான். விளக்கம் வேண்டாம், பழையபடி வைத்துத் தாருங்கள் என்றாள். வாசலில் கார்கள் வந்துவிட்டன, விளையாடாதேம்மா என்றான்.

அதன் பிறகு அவள் அதைக் கையால் தொடவில்லை.

சிறப்பு விருந்தினர் மேசை மேசையாக வந்தார். அவன் எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். சுடர்விழியின் மேசையில்தான் அவர் அதிக நேரம் நின்றார். அவனே கோட்டில் எடுத்து விட்ட வண்டி அவ்வளவு அழகாகப் போனது. வளைவில் எப்படிம்மா திரும்புகிறது என்று கேட்டார்.

"தெரியாது சார். ஏன் திரும்பாம இருந்துச்சுன்னுதான் எனக்குத் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல துடுக்கு என்று அவரும் சிரித்தார்.

முதல் பரிசு அவளுக்குத்தான். வேலையிடத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்த அவள் அம்மா, வீடியோ எடுத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரஸ்பாண்டன்ட் அவன் தோளில் கை போட்டார். அடுத்த வருடமும் அவன்தான் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

*

அடுத்த வாரம் புதுப் பாடம். கதவு திறந்தால் மணி அடிக்க வேண்டும்.

வகுப்பு வழக்கம்போல இரைந்தது. எந்த ஓட்டை சார், எந்த ஓட்டை சார். அவன் மேசை மேசையாகப் போய்க் காட்டினான்.

சுடர்விழியின் பெட்டி திறந்திருந்தது. ஒயர்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபமாக நாலு வார்த்தை கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அவள் கையைத் தூக்கினாள். மரியாதையாகத்தான். ஒரு சிவப்பு ஒயரை உருவி அவனிடம் நீட்டினாள்.

"சார், இது எந்த ஓட்டை?"

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான். இல்லை.

காட்டினான்.